விடு என்று சொல்லும் வரை

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மலர் தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். இப்போது அவள் தூங்குகிறாள். அவள் தூங்குவதால்தான் நான் இதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

எனக்குக் கதை கட்ட வராது. வந்திருந்தால், நான் வேலை பார்க்கும் டைல்ஸ் கடைக்கு மட்டம் போட்ட நாளில் மேனேஜரிடம் நான் சொன்ன காரணங்களில் ஒன்றாவது எடுபட்டிருக்கும். நான் பார்த்தது, கேட்டது, என் கையில் பட்டது, இவை மட்டும்தான் இதில் இருக்கின்றன. நம்பாதவர்கள் மலேசியாவில் ஈப்போ பக்கம் வந்தால் சிம்பாங் பூலாய் வரைக்கும் வாருங்கள். என் ஸ்டோர் அறையைத் திறந்து பாருங்கள். சாவி தருகிறேன். கூட வர மாட்டேன்.

மலர் நர்ஸ். அவளுக்கு வேலை மேலே, கேமரன் மலையில், ஒரு சின்ன கிளினிக்கில். திங்கட்கிழமை விடியும் முன்னே காரை எடுத்துக்கொண்டு மலை ஏறுவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவாள். அந்த மலைச்சாலையை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. அடிவாரத்தில் நின்றாலே போதும், இறங்கி வரும் லாரிகளின் பிரேக் கருகும் வாடை மூக்கில் ஏறும்.

ஒரு வெள்ளிக்கிழமை மலர் வந்து சேர்ந்தபோது அதே வாடை எங்கள் வாசலில் அடித்தது.

"என்ன வாடை இது?"

"பிரேக்குதான். பெரிய வளைவுல கொஞ்சம் உள்ள போயிடுச்சு. ரெண்டு தடவ அமுக்கினேன், அப்புறம் பிடிச்சுக்கிச்சு" என்றாள். சொல்லிக்கொண்டே மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். "நீ ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்கே? நான்தான் வந்துட்டேனே."

அவள் சாப்பிட்டாள். நான் சாப்பிடவில்லை. ராத்திரி முழுக்க என் கண்ணுக்குள் அந்த வளைவு மட்டும்தான் இருந்தது. முதல் தடவை அமுக்குகிறாள், நிற்கவில்லை. இரண்டாவது தடவை அமுக்குகிறாள்...

மூன்றாவது தடவை என்று ஒன்று வந்துவிடக் கூடாது. அதுதான் என் கவலை. அது ஒன்றுதான்.

பட்டறைக்குப் போயிருந்தால் அரை நாள் வேலை. ஆனால் நான் வீடியோ பார்த்துக் கார் வேலை கற்றுக்கொண்டவன். வைப்பர் ரப்பர் மாற்றியிருக்கிறேன். ஒரு தடவை ஹார்னைச் சரி பண்ணப்போய், வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹார்ன் அடிக்கும்படி செய்திருக்கிறேன். இந்த அனுபவத்தோடு, என் பெண்டாட்டி உயிரை இன்னொருத்தன் கையில் கொடுக்க மாட்டேன் என்று முடிவெடுத்தேன். வெறும் பேட் மாற்றினால் போதாது, எங்கள் காரின் முன் பிரேக்கே சின்னது, பெரிய டிஸ்க், பெரிய கேலிப்பர் என்று ஏற்றிவிட்டால் மலை என்ன, மலைக்கு அப்பனே வந்தாலும் நிற்கும் என்று கணக்குப் போட்டேன்.

டிஸ்க்கும் பேடும் புதிதாக வாங்கினேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பருக்கு ஆ சோங்கின் ஹாஃப்கட் கடைக்குப் போனேன். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடை அது. மலை மாதிரி குவிந்து கிடக்கும் இரும்புக்கு நடுவில், தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் முதலாளி ஆ சோங், வாயில் பல்குச்சியோடு உட்கார்ந்திருப்பார்.

"பெரிய கேலிப்பர் ஒரு ஜோடி இருக்குமா, தவுக்கே?"

அவர் காலடியில் இருந்த பெட்டியைத் தள்ளினார். "இருக்கு. ஆனா ஜப்பான் சாமான் இல்ல அண்ணே. லோக்கல். ஒரே ஒரு தடவ மலை ஏறினது. புதுசு மாதிரி."

"உங்க வண்டியில மாட்டுவீங்களா?"

"எனக்கு வண்டி இல்ல. மோட்டார்சைக்கிள்தான்."

சிரித்தோம். பெட்டியைத் தூக்கினேன். கேலிப்பர் இரண்டிலும் வெள்ளைப் பெயின்டில் யாரோ இடது, வலது என்று ஆங்கில எழுத்தில் குறித்திருந்தார்கள். பொறுமையான, அழகான எழுத்து. எந்தப் பக்கம் எது என்று நான் குழம்ப வேண்டியதே இல்லை. யாரோ ஒரு நல்ல மனிதன் எனக்காகவே எழுதி வைத்த மாதிரி சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவற்றைக் கழுவினேன். ஒரு தடவை ஓடின சாமானுக்கு ஓரத்து ரப்பர் ஏன் கருகியிருக்கிறது என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வழியே போய்விட்டது. கேலிப்பருக்குள் உருளையாக ஒரு இரும்பு இருக்கும். பிஸ்டன் என்பார்கள். பெடலை அழுத்தினால் அது வெளியே வந்து, பேடை டிஸ்க்கோடு சேர்த்து நெருக்கும். மாட்டுவதற்கு முன்னால் அதை உள்ளே தள்ளி வைக்க வேண்டும். கவ்வி போட்டு, பல்லைக் கடித்து, இரண்டையும் உள்ளே தள்ளினேன். துணியில் சுற்றி வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணியைப் பிரித்தேன்.

இரண்டு பிஸ்டனும் வெளியே வந்திருந்தன.

நான் உள்ளே தள்ளியதாக நினைத்துத் தள்ளாமல் விட்டிருப்பேன். அப்படித்தான் நினைத்தேன். நான் அடுப்பை அணைத்ததாக நினைத்து அணைக்காமல் விட்டவன். திரும்பத் தள்ளினேன். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. வெயில், என்றேன். ஸ்டோர் அறைக்குள் வெயில் எப்படி வரும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

வேலை நன்றாகவே போனது. காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரங்களைக் கழற்றினேன். காரின் முகம் வீட்டைப் பார்த்து, முதுகு கேட்டைப் பார்த்து. பேட்டரி கொஞ்ச நாளாக மக்கர் பண்ணியதால் அதையும் கழற்றிச் சமையலறையில் சார்ஜில் போட்டேன். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைத் துடைத்தேன். வெள்ளை எழுத்து சொன்னபடி இடதை இடதிலும் வலதை வலதிலும் மாட்டினேன். இரண்டு விரலில்தான் காயம். எனக்கு இது சாதனை.

மிச்சம் இருந்தது காற்று எடுப்பது மட்டும். பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை நாலைந்து முறை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் சக்கரத்தடியில் கேலிப்பரில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தினால் எண்ணெயோடு குமிழ் வெளியே வரும். திருகை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். அதற்கு முன் எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே ஏறும்.

மலர் கை துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். கல்யாண போட்டோவில் நான் ஒரு பலகை மேல் நிற்கிறேன். சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள்.

"நல்லா கேளு. நான் 'விடு'ன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. என்ன ஆனாலும்."

"வீடே இடிஞ்சாலும்?"

"இடிஞ்சாலும்."

"மழை வந்தா?"

"மலர்..."

"சரிங்க டாக்டர்" என்றாள்.

நான் இடது சக்கரத்தடியில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம். பானெட் வேறு திறந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் தெரிய மாட்டார். குரல் மட்டும்தான்.

"அழுத்து."

கிர்ச்... கிர்ச்... கிர்ச்... பெடல் சத்தம்.

"பிடி."

"பிடிச்சாச்சு."

திருகைத் தளர்த்தினேன். ரப்பர் குழாய் வழியே எண்ணெய். குமிழ். குமிழ். மூடினேன். "விடு." கிர்ச்.

திரும்ப. திரும்ப. குமிழ் குறையவே இல்லை. இடது முடித்து வலது, வலது முடித்து இடது. ஒரு புட்டி எண்ணெய் தீர்ந்தது. பெடல் மட்டும் பஞ்சு.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏழு மணி இருக்கும். நான் மறுபடி இடது சக்கரத்துக்கு வந்து, தலையை உள்ளே விட்டு, வேலையிலேயே கண்ணாக இருந்தேன்.

"அழுத்து."

கிர்ச்... கிர்ச்... கிர்ச்...

"பிடி."

பதில் வரவில்லை. ஆனால் பிடித்திருந்தாள். குழாயில் எண்ணெய் வந்தது. பேசிப் பேசி அலுத்திருப்பாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் காரின் அடி வழியாகக் கேட் தெரிந்தது. பிரேக் விளக்கின் சிவப்பு அந்த எவர்சில்வர் கேட்டில் பட்டு மினுங்கியது. சிவப்பு... இருட்டு... சிவப்பு... இருட்டு... பார்க்க அழகாகக்கூட இருந்தது.

"விடு."

சிவப்பு அணையவில்லை.

"விடுடி, மூடிட்டேன்."

அணையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிர்ச் என்றது. உடனே மறுபடி கிர்ச்... கிர்ச்... கிர்ச்... நான் சொல்லாமலே. வேகமாக. அவசரமாக.

"மெதுவா! என்ன அவசரம்?"

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் மலாய்க்கார அக்கா கக் லீனாவின் தலை தெரிந்தது. காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"லோகன், மக்ரிப் தொழுகை நேரம் ஆச்சு. போதும், நிறுத்து. வந்தவங்களையும் உள்ள போகச் சொல்லு. இந்த நேரத்துல வெளிய உக்கார வைக்காதே."

"யாரு வந்தவங்க, கக்?"

"வண்டியில உக்காந்திருக்காங்களே. கதவு இடுக்குல கால் தெரியுது. கறுப்பு சப்பாத்து."

மலர் வீட்டில் சப்பாத்து போட மாட்டாள். வீட்டில் யார்தான் போடுவார்கள்?

கக் லீனா போய்விட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

அப்போது சமையலறை ஜன்னலிலிருந்து மலர் கத்தினாள்.

"லோகன்! இந்த பேட்டரிய எப்ப எடுக்கப் போறே? ரெண்டு தடவ கால்ல இடிச்சுக்கிட்டேன்!"

கையில் இருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

"நீ... எப்ப உள்ள போனே?"

"அம்மா போன் பண்ணாங்கள்ல, அப்பவே! சொல்லிட்டுத்தானே வந்தேன்? காது கேக்காதா உனக்கு?"

பேட்டரி சமையலறையில் இருந்தது.

அப்படியென்றால்... அந்தச் சிவப்பு?

எழுந்து, காரைச் சுற்றி வந்தேன். ஓட்டுநர் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஆனால் சீட்...

சீட் முன்னால் வந்திருந்தது. ஸ்டீயரிங்கை முட்டும் அளவுக்கு. ரொம்பக் குள்ளமான ஒருவர் உட்காரும் அளவுக்கு.

நீங்கள் கேட்பீர்கள், அப்போதே ஓடியிருக்க வேண்டியதுதானே என்று. விடிந்தால் திங்கட்கிழமை. மலர் மலை ஏற வேண்டும். ஏறினால் இறங்க வேண்டும். பெடல் இன்னும் பஞ்சு. எனக்குப் பயம்தான். ஆனால் அந்த வளைவின் பயம் இதைவிடப் பெரிது. சிவப்பு, அந்தி வெளிச்சம் என்றேன். சத்தம், தளர்ந்த ஸ்பிரிங் என்றேன். கக் லீனாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. சீட்டுக்கு மட்டும் இல்லை.

"மலர், கடைசியா ஒரே ஒரு தடவ வா."

வந்தாள். மழை ஆரம்பித்திருந்தது. முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்க உட்கார்ந்தாள்.

"சீட்டை ஏன் இப்படி இழுத்து வச்சே? நகரவே மாட்டேங்குது."

நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். இந்தத் தடவை வலது சக்கரம். அவள் பக்கத்திலேயே இருக்கலாம் என்று.

"அழுத்து."

கிர்ச்... கிர்ச்...

"பிடி."

"ம்."

குமிழ். மூடினேன்.

"விடு."

சத்தம் இல்லை. மழை மட்டும்.

"மலர், விடு."

"லோகன்..."

"என்ன?"

"எடுக்க முடியல."

"மரத்துப்போச்சா?"

"இல்ல... என் கால் மேல..."

"என்ன உன் கால் மேல?"

"யாரோ கால் வச்சிருக்காங்க."

டார்ச்சை எடுத்து அடித்தேன்.

பெடல் மேல் மலரின் வெறுங்கால். அதன் மேல் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தப் பாதத்தின் தோல் அமுங்கியிருந்தது. மேலிருந்து எதுவோ நசுக்குகிற மாதிரி. விரல்கள் வெளுத்துக்கொண்டே வந்தன. ஒரு சப்பாத்தின் முனை... அந்த அளவுக்கு.

நான் அவள் காலைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. கல்லைப் பிடித்த மாதிரி.

கேட்டில் சிவப்பு எரிந்தது.

"விடு" என்றேன். "விட்டுடு. யாரா இருந்தாலும் விட்டுடுங்க."

எரிந்தது.

கருகும் வாடை. மலையடிவாரத்து வாடை. சக்கரமே இல்லாத காரில்.

மலர் என்னைப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தாள். முன்னால் திறந்த பானெட் மட்டும்தான் இருந்தது.

"நிக்கல" என்றாள்.

"என்னது?"

"நிக்கல... அமுக்குறேன்... நிக்கல..."

குரல் அவளுடையதுதான். அவசரம் அவளுடையது இல்லை.

"வளைவு வருது... சொல்லுங்க... வளைவு வருது..."

என்னை அவள் ஒருநாளும் 'சொல்லுங்க' என்றதில்லை.

சக்கரத்துக்குப் பாய்ந்தேன்.

திருகை முழுக்கத் திறந்தேன்.

எண்ணெய் முகத்தில் அடித்தது. சுட்டது.

உள்ளே பெடல் தடாலென்று அடி வரை போனது.

மலர் அலறினாள். வழுக்கி, கதவு வழியே என் மேல் விழுந்தாள்.

தூக்கவில்லை. இழுத்துக்கொண்டு ஓடினேன்.

கதவைப் பூட்டினேன்.

ஜன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கினேன்.

கேட்டில் சிவப்பு.

எரிந்தது... எரிந்தது...

கிர்ச்... கிர்ச்... கிர்ச்...

சமையலறைத் தரையில் பேட்டரி, சார்ஜரின் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது.

விடியும் வரைக்கும் அந்தச் சிவப்பு அணையவில்லை.

காலையில் எல்லாம் சாதாரணமாக இருந்தது. பெடல் மட்டும் அடியிலேயே கிடந்தது. மலரின் வலது பாதத்தில், விரல்களுக்கு மேலே, பிறை மாதிரி ஒரு நீலக் கன்றல். அவளுக்கு என்ன நடந்தது என்று அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. கிளினிக்குக்கு லீவு சொன்னாள். பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து பழைய பிரேக்கையே திரும்ப மாட்டச் சொன்னேன். கேலிப்பர் இரண்டையும் பெட்டியில் போட்டு ஆ சோங் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் பெட்டியைத் தொடவில்லை.

"இதுல என்ன இருக்கு, தவுக்கே?"

பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அதை எடுத்து நான் பார்த்ததே இல்லை. ஒரு கேலிப்பரைத் துணியால் பிடித்து, காரில் இருப்பதுபோல நிமிர்த்திக் காட்டினார்.

"காத்து மேல போகுமா, கீழ போகுமா?"

"மேல."

"திருகு எங்க இருக்கு?"

பார்த்தேன். அடியில் இருந்தது. வெள்ளை எழுத்து சொன்னபடி மாட்டினால் திருகு கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கிவிடும். நாள் முழுக்க எடுத்தாலும் தீராது. எழுதியவர் இடதையும் வலதையும் மாற்றி எழுதிவிட்டார். நானும் அப்படியே மாட்டியிருந்தேன். மலர் இன்று விடியற்காலை அதில் மலை ஏறியிருப்பாள்.

"யார் எழுதினது?"

"பிரான்சிஸ்னு ஒருத்தர். பத்து காஜா ஊர்ப் பக்கம். அவர் சம்சாரம் மலை மேல இருக்கிற ஸ்கூல்ல டீச்சர். ஆக்னஸ் டீச்சர்னு சொல்வாங்க. ரொம்பக் குள்ளம். பொண்டாட்டி மலை இறங்கும்போது பயப்படக் கூடாதுன்னு அவரே வீட்ல பெரிய பிரேக் மாட்டுனாரு. உங்கள மாதிரி. காத்து எடுக்க அந்தம்மாதான் பெடல் அமுக்குனாங்க. வீட்டுப் பக்கம் ஓட்டிப் பாத்தப்ப ஒண்ணும் தெரியல. கொஞ்சம் பஞ்சு மாதிரி இருக்கு, ஓட ஓடச் சரியாயிடும்னு நினைச்சிருக்காரு."

"ஒரே தடவ மலை ஏறினதுன்னு சொன்னீங்க."

"ஏறுச்சு."

"இறங்கினது?"

"இறங்கல, அண்ணே."

பின்னால் எங்கேயோ யாரோ இரும்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தச் சொல்லி அவர் கையைக் காட்டினார்.

"இறங்கும்போது அந்தம்மா போன் பண்ணிருக்காங்க. பெடல் உள்ள போகுது, நிக்கலன்னு. இவர் பதறிப் போய், அமுக்கு, அமுக்கிட்டே இரு, நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதேன்னு கத்திருக்காரு. அதோட லைன் கட்டாயிடுச்சு. கீழ பள்ளத்துல தீயணைப்புக்காரங்க போய்ப் பாத்தப்ப கால் பெடல் மேலயே இருந்துச்சாம். நாலு பேர் சேந்து இழுத்தும் வரல. கடைசியில பெடலை அறுத்துத்தான் எடுத்தாங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். எதன் மேல் என்று தெரியாது. ஏதோ ஒரு இன்ஜின்.

"நொறுங்கின வண்டி இங்கதான் வந்துச்சு. அப்புறம் அவர் வாரா வாரம் இங்க வருவாரு. அந்தப் பிரேக் எங்க, எங்கன்னு. திரும்ப வாங்கணும், வண்டியில மாட்டணும், அவகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு அழுவாரு. நானும் தேடினேன் அண்ணே, சத்தியமா. இந்தக் குவியல் முழுக்கப் பொரட்டினேன். கிடைக்கல. போன மாசம் அவரும் போயிட்டாரு. அடக்கம் முடிஞ்ச மறுநாள் கடை திறக்கிறேன்... பெட்டி என் நாற்காலிக்குக் கீழ இருக்கு."

"என்ன வார்த்தன்னு கேட்டீங்களா?"

"கேக்கல. அவங்க வீட்டு விஷயம்."

எனக்குத் தெரியும் என்ன வார்த்தை என்று. காற்று எடுத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு நான் அதை எத்தனை தடவை கத்தினேன். அந்தம்மாவுக்கு என் குரலா முக்கியம்?

அந்தக் குரல்தான் மண்ணுக்குள் போய்விட்டதே.

பெட்டியை ஆ சோங் திரும்ப வாங்க மாட்டேன் என்றார். வேறு யாருக்கும் விற்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வெள்ளை எழுத்தை மட்டும் தின்னர் போட்டுத் துடைத்தேன். துடைக்கும்போது என்னையறியாமல் அழுகை வந்தது. அவ்வளவு பொறுமையாக எழுதியிருந்தார். பெட்டி என் ஸ்டோர் அறையில் இருக்கிறது. குழாய் இல்லை, எண்ணெய் இல்லை, பெடல் இல்லை. வெறும் இரும்பு. ஆனாலும் எப்போது திறந்தாலும் பிஸ்டன் இரண்டும் வெளியே வந்திருக்கின்றன. கவ்வி போட்டு உள்ளே தள்ளுகிறேன். அடுத்த தடவை பார்த்தால் வெளியே. இரும்பு வெதுவெதுப்பாக. இப்போதெல்லாம் நான் திறப்பதில்லை.

மலர் கீழே மாற்றல் வாங்கிக்கொண்டாள். வண்டி ஓட்டுவதில்லை. ஈப்போவில் வேலை, பஸ்ஸில் போய் வருகிறாள். மலை இல்லை, வளைவு இல்லை. நான் பயந்த எதுவும் இனி அவளுக்கு நடக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பகலில் அவளும் அப்படித்தான் சிரிக்கிறாள். என் சமையலைக் கிண்டல் பண்ணுகிறாள். கன்றல் மட்டும் இன்னும் ஆறவில்லை.

ராத்திரி அவள் தூங்கிய பிறகுதான் ஆரம்பிக்கும்.

இதோ, இப்போதுகூட.

வலது கால் மட்டும் மெல்ல நீளுகிறது. கட்டில் பலகையைத் தேடுகிறது. தொடுகிறது. அழுத்துகிறது. விடுகிறது. அழுத்துகிறது. பிறகு அப்படியே... பிடித்துக்கொள்கிறது. பலகை முனகுகிறது. கிர்ச்.

அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் பெடல் அன்றைக்கு ஒரு தடவைகூட இறுகவில்லை. இந்தக் கால் இறுகியிருக்கிறது. உள்ளே துளிக் காற்றில்லாத மாதிரி.

என் குரல் அந்தம்மாவுக்கு எட்டுவதில்லை; யார் குரல் எட்டும் என்று தெரியாமல்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். குனிந்து அவள் காதருகே சொல்கிறேன், தினமும் சொல்வது போல.

விடு மலர்.

விடு.

விடுங்கம்மா... நின்னுடுச்சு... எல்லாம் நின்னுடுச்சு...

காலை எடுக்கவில்லை.